அடுப்பைக் கொடுத்துவிட்டு ஆளைக் குறை சொல்வதா?

“கேஸ் கொடுத்தாலும் இவர்கள் விறகைத்தான் எரிப்பார்கள்.” கிராமத்துச் சமையலறைகளைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் இந்த வாசகம் ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடுகிறது. கொஞ்சம் நாசூக்காகப் பேசுகிறவர்கள் ‘மனநிலை மாற வேண்டும்’ என்பார்கள். அதிகாரிகள் ‘விழிப்புணர்வு போதவில்லை’ என்று கோப்பில் எழுதுவார்கள். சொல்லும் விதம் வேறாக இருந்தாலும் தீர்ப்பு ஒன்றுதான்: பொருள் நல்லது, வாங்கிய ஆள்தான் சரியில்லை.

இந்தத் தீர்ப்பை நான் மறுக்கிறேன். எந்தப் புதிய கருவியும் ஒரு வீட்டுக்குள் தனியாக நுழைவதில்லை. அதற்கு எரிபொருள் வேண்டும். அதன்மேல் பொருந்துகிற பாத்திரம் வேண்டும். பழுதானால் மாற்ற உதிரிப்பாகம் வேண்டும். இவற்றைக் கொண்டுவந்து சேர்க்க ஒரு கடையோ வண்டியோ வேண்டும். காரையும் பெட்ரோலையும் உதாரணம் காட்டிப் பொருளாதாரப் பாடநூல்கள் ‘நிரப்புப் பொருள்கள்’ என்று சொல்லித்தருவது இதைத்தான். இந்தத் துணைப்பொருள்கள் கைக்கெட்டும் தூரத்தில், கட்டுப்படியாகும் விலையில் இருந்தால் மக்கள் புதியதை எடுத்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் பழையதையும் கைவிடாமல் வைத்துக்கொள்கிறார்கள். அதை அறியாமை என்று அழைப்பவர்கள் அந்த வீட்டின் வரவுசெலவைப் பார்த்ததே இல்லை.

இதற்கு மிகப் பெரிய சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. 2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கியது. வறுமையில் உள்ள குடும்பத்துப் பெண்ணின் பெயரில் கேஸ் இணைப்பு. ஒவ்வோர் இணைப்புக்கும் அரசு 1,600 ரூபாய் கொடுத்தது. சிலிண்டர் வைப்புத்தொகை, ரெகுலேட்டர், டியூப், பொருத்தும் செலவு எல்லாம் அதில் அடக்கம். 2019 செப்டம்பருக்குள் 8 கோடி இணைப்புகள் கொடுத்து முடித்தார்கள். பிற்பாடு அது 10 கோடியையும் தாண்டியது. இது சாதனைதான். விறகுப் புகை போன்ற வீட்டுக்காற்று மாசினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அந்தப் புகையிலிருந்து பெண்களை மீட்க எடுத்த முயற்சியை மதிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் இணைப்பு கொடுப்பது வேறு, அடுப்பு எரிவது வேறு. மத்திய தணிக்கைத் துறையின் 2019 அறிக்கை இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2018 டிசம்பர் கணக்குப்படி 3.18 கோடி உஜ்வலா பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக நிரப்பிய சிலிண்டர் 3.21. மற்ற வீடுகள் நிரப்புவது ஏறக்குறைய 6 முதல் 7 வரை. மூன்று சிலிண்டரில் ஒரு குடும்பம் ஆண்டு முழுக்கச் சமைக்க முடியாது. மீதி நாட்களில் விறகும் வறட்டியும்தான் எரிந்தன. உடனே வந்தது தீர்ப்பு: பழக்கம் விடவில்லை, புத்தி மாறவில்லை.

அப்படி இணைப்பு பெற்ற ஒரு பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். 2023 மார்ச்சில் சென்னையில் 14.2 கிலோ சிலிண்டரின் விலை 1,118 ரூபாய் 50 காசு. அடுத்த மாதம் தொடங்கிய நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த கூலி 294 ரூபாய். முழுக் கூலியும் கைக்கு வந்தால்கூட ஒரு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட நான்கு நாள் உழைப்பு போய்விடும். அப்போது 200 ரூபாய் மானியம் இருந்ததே என்பார்கள். இருந்தது, ஆனால் அது பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். வாசலில் வண்டி வந்து நிற்கும்போது முழு விலையையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். தினக்கூலி வீட்டில் ஆயிரம் ரூபாய் ஒரே நேரத்தில் மொத்தமாகக் கையிலிருக்கும் நாட்கள் எத்தனை? தொடக்க ஆண்டுகளில் இன்னொரு சுமையும் இருந்தது. அடுப்பையும் முதல் சிலிண்டரையும் கடனாக வாங்கியவர்களுக்கு மானியம் கைக்கு வரவில்லை. அந்தக் கடனுக்கே கழிக்கப்பட்டது. அதாவது மிக ஏழையான வீடுதான் மானியமில்லாத முழு விலையைக் கொடுத்தது. விறகோ, பணமாகக் கேட்டால், இலவசம்.

மனநிலைதான் காரணம் என்பவர்களின் வாதத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. மனநிலை அப்படியே இருக்க, எரிபொருளின் விலை மட்டும் மாறினால் என்ன நடக்கிறது என்று பார்ப்பது. 2020 ஏப்ரலில் அப்படி ஒரு மாற்றம் நடந்தது. கொரோனா நிவாரணமாக உஜ்வலா பயனாளிகளுக்கு மூன்று சிலிண்டர்கள் இலவசம் என்று அறிவித்து, அதற்கான பணத்தை முன்கூட்டியே அவர்கள் கணக்கில் போட்டார்கள். 2019-20இல் 3.01 ஆக இருந்த சராசரி 2020-21இல் 4.39 ஆக உயர்ந்தது. இலவசம் நின்றது, விலை ஏறியது. 2021-22இல் சராசரி 3.68க்கு இறங்கியது. ஊரடங்கில் எல்லோரும் வீட்டில் சாப்பிட்டதால் கூடியது என்று ஒருவர் சொல்லலாம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கும். ஆனால் வேலைக்குப் போக வழியில்லாமல், சுள்ளி பொறுக்க நேரம் நிறைய இருந்த காலமும் அதுதான். அந்த நேரத்திலும் பெண்கள் கேஸைத்தான் தேடினார்கள். பிறகு 2022 மே மாதம் 200 ரூபாய், 2023 அக்டோபரில் 300 ரூபாய் என்று மானியம் ஏறியபோது சராசரியும் ஏறியது, 2024-25இல் 4.47ஐ எட்டியது. இந்த ஐந்தாண்டுகளில் அவர்கள் நாக்கின் ருசி மாறிவிட்டதா? பாட்டி சொன்ன பழக்கம் ஓராண்டு மறைந்து மறு ஆண்டு திரும்பி வந்ததா? மாறியது சிலிண்டரின் விலையும், பணம் கைக்கு வந்த நேரமும்.

எதிர்த்தரப்பின் வலுவான சான்றையும் ஒதுக்கிவிட்டுப் போக நான் விரும்பவில்லை. 2018இல் ரைஸ் என்ற ஆய்வு நிறுவனம் பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய நான்கு மாநிலங்களின் கிராமங்களில் விசாரித்தது. கேஸ் இருந்த வீடுகளிலும் பெரும்பாலானவற்றில் விறகு அடுப்பும் எரிந்தது. மண்ணடுப்புச் சாப்பாடு ருசி, உடம்புக்கு நல்லது என்று பலர் சொன்னார்கள். இதை வைத்துத்தான் ‘பார்த்தீர்களா, எல்லாம் நம்பிக்கைதான்’ என்கிறார்கள். விறகடுப்புச் சோற்றின் ருசியைச் சென்னையிலும் கோவையிலும் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களும்தான் புகழ்கிறார்கள். அதற்காகவே பணம் கொடுத்து உணவகத்துக்குப் போகிறார்கள். வீட்டில் யாரும் விறகு அடுக்குவதில்லை. ருசி உண்மையான விருப்பம்தான். ஆனால் அது தினசரி எரிபொருளைத் தீர்மானிக்கிற அளவுக்கு வலுவானதாக இருந்தால் நகரமும் புகைந்துகொண்டிருக்க வேண்டும். கிடைக்காத ஒன்றைவிடக் கைவசம் இருப்பதைப் பாராட்டிப் பேசுவது மனித இயல்பு. ‘பணம் இல்லை’ என்று வெளியாளிடம் சொல்வதைவிட ‘இதுதான் ருசி’ என்று சொல்வதில் தன்மானமும் காப்பாற்றப்படுகிறது.

அதே ஆய்வு தொட்டுக்காட்டிய இன்னொன்றை இவர்கள் பேசுவதே இல்லை. விறகுக்கான விலையை வீட்டுப்பெண் தன் நேரத்தாலும் முதுகாலும் கண்ணாலும் கொடுக்கிறாள். சிலிண்டருக்கான விலை கணவனின் சட்டைப்பையிலிருந்து வர வேண்டும். இணைப்பு அவள் பெயரில் இருக்கிறது. காசு அவள் கையில் இல்லை. அவளுடைய உழைப்புக்கு அந்த வீட்டில் விலை போடாதவரை விறகு ‘இலவசம்’ என்றுதான் கணக்கில் ஏறும். இதைப் பெண்ணின் பழமைவாதம் என்று எழுதுவது, சுமப்பவளையே சுமைக்குக் குற்றவாளி ஆக்குவதாகும்.

எரிபொருளைத் தாண்டி, பாத்திரத்துக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேழ்வரகுக் களி கிண்டுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். மண்ணடுப்பு தரையோடு இருக்கும். அடி உருண்டையான பானை மூன்று குமிழ்களுக்கு நடுவே பதிந்து உட்காரும். மாவு இறுகும்போது துடுப்பை இரண்டு கையாலும் அழுத்திக் கிண்ட வேண்டும். உடம்பின் பாரம் முழுக்க அதில் இறங்கும். அந்தப் பானையை இடுப்புயர மேடையில் இருக்கும் கேஸ் அடுப்பின் மெல்லிய கம்பிகள்மேல் வைத்து அதே வேகத்தில் கிண்டிப் பாருங்கள். பானை ஆடும், அடுப்பு நகரும், கொதிக்கிற களி கையில் தெறிக்கும். குடும்பம் முழுவதற்கும் குளிக்க வெந்நீர் போடுகிற அண்டாவுக்கு அந்தச் சின்ன பர்னர் போதாது. வைத்தால் எரிவாயு கரைந்துபோகும். ஆகவே அவள் டீயும் சாம்பாரும் கேஸில் வைக்கிறாள். களியும் வெந்நீரும் விறகில் வைக்கிறாள். எது எதற்குப் பொருந்துகிறது என்று தெரிந்த கைதேர்ந்த முடிவு இது. அடுப்போடு ஒரு நல்ல குக்கரும், அடி தட்டையான கனத்த பாத்திரமும், களி கிண்டும்போது நகராத தாங்கியும் சேர்ந்து வந்திருந்தால் அவள் முடிவு மாறியிருக்கும். அடுப்பு வந்தது, அதன் கூட்டாளிகள் வரவில்லை.

இந்தத் தவறை நாம் முதல்முறையாகச் செய்யவில்லை. 1980களில் தொடங்கி 2002 வரை மத்திய அரசு ‘புகையில்லா அடுப்பு’த் திட்டத்தை நடத்தியது. 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கொடுக்கப்பட்டன. ஆய்வகத்தில் நன்றாக எரிந்த அடுப்புகள்தான் அவை. வீட்டில் இருந்த பாத்திரம் அடுப்பின் வாயில் அடங்கவில்லை. பெண்கள் வாயை இடித்து அகலப்படுத்தினார்கள். விறகைச் சின்னதாகப் பிளக்க ஆளில்லை. புகைபோக்கியில் கரி அடைத்தால் சுத்தம் செய்ய யாரும் வரவில்லை. உடைந்தால் மாற்றுக்குழாய் ஊரில் கிடைக்கவில்லை. பின்னாளில் ஒடிசாவில் ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் மூவரும் மேம்பட்ட அடுப்புகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோதும் இதே கதைதான். முதலாண்டில் புகை குறைந்தது. பராமரிப்பு குறையக் குறைய அந்தப் பயனும் கரைந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு ‘மக்களுக்கு அந்த அடுப்பின் மதிப்பு தெரியவில்லை’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. பராமரிப்பும் ஒரு துணைப்பொருள்தான் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. பழுது பார்க்க ஆளில்லாத ஊரில் மோட்டார் பம்பு கொடுத்தாலும் துருப்பிடித்துத்தான் கிடக்கும்.

இதைச் சரியாகச் செய்த நாடும் உண்டு. இந்தோனேசியா 2007இல் வீடுகளை மண்ணெண்ணெயிலிருந்து கேஸுக்கு மாற்றத் தொடங்கியது. அவர்கள் கொடுத்த பொட்டலத்தில் அடுப்பு, ரெகுலேட்டர், குழாய், நிரப்பிய 3 கிலோ சிலிண்டர் நான்கும் இலவசமாக இருந்தன. அந்த 3 கிலோ என்ற அளவில்தான் சூட்சுமம் இருக்கிறது. சின்ன உருளை என்பதால் ஒருமுறை நிரப்பும் பணம் குறைவு. அன்றாடக் கூலிக்காரர் அன்றைய வரும்படியிலிருந்தே வாங்க முடிந்தது. ஒரு பெண் ஒரு கையால் தூக்கிக்கொண்டு போய்த் தெருமுனைக் கடையில் மாற்றிக்கொள்ளலாம். எரிவாயுவுக்கு அரசு மானியம் கொடுத்தது. மண்ணெண்ணெய் மானியத்தைப் படிப்படியாக எடுத்தது. இந்த இரண்டாவது நடவடிக்கையில் கட்டாயம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் சில ஆண்டுகளுக்குள் 5 கோடிக்கும் மேற்பட்ட பொட்டலங்கள் போய்ச் சேர்ந்தன. நகரங்களில் மண்ணெண்ணெய் அடுப்பு அருகிப்போனது. இந்தோனேசியப் பெண்களுக்கு நம் பெண்களைவிட விழிப்புணர்வு அதிகம் என்று யாராவது சொல்வார்களா? நம்மிடமும் 5 கிலோ சிலிண்டர் உண்டு. அதைத் தெருக்கடைவரை கொண்டுபோகும் ஏற்பாட்டில்தான் நாம் பின்தங்கினோம்.

சமையலறையை விட்டுச் சந்தைக்கு வாருங்கள். 2016க்கு முன் ‘இந்தியர்களுக்கு ரொக்கத்தின்மேல்தான் நம்பிக்கை, கிராமத்தான் மின்னணுப் பணத்துக்கு வரமாட்டான்’ என்று எத்தனை பேர் எழுதினார்கள்! அதே ஆண்டு ஏப்ரலில் யுபிஐ என்ற மின்னணுப் பணப் பரிமாற்ற முறை அறிமுகமானது. 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. மனநிலையை மாற்றும் பிரச்சாரம் மட்டும் இதைச் செய்துவிடவில்லை. துணைப்பொருள்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. ஜன்தன் வங்கிக் கணக்குகள் முன்பே திறக்கப்பட்டிருந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் டேட்டாவின் விலை சரிந்தது. எந்தச் செயலியிலிருந்தும் பணம் அனுப்பக்கூடிய க்யூஆர் அட்டை வந்தது. மாத வாடகை கேட்ட கார்டு இயந்திரம் தேவையில்லாமல் போனது. 2020 ஜனவரி முதல் வியாபாரியிடம் பரிவர்த்தனைக் கட்டணமும் இல்லை.

இவற்றோடு வந்த ஒரு சிறு பெட்டியை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். காய்கறி விற்கும் அம்மாவைக் கவனியுங்கள். கை ஈரம், ஒரு கையில் தராசு, மறு கையில் கீரைக்கட்டு, சுற்றி நாலு பேர் நிற்கிறார்கள். ஒருவர் ‘அனுப்பிட்டேன்க்கா’ என்று செல்போனைத் தூக்கிக் காட்டிவிட்டு நடக்கிறார். பணம் வந்ததா என்று பார்க்க அந்த அம்மா கையைத் துடைத்து, செல்போனை எடுத்து, குறுஞ்செய்தியைத் தேடிப் படிக்க வேண்டும். அதற்குள் வந்தவர் கூட்டத்தில் மறைந்துவிடுவார். தள்ளுவண்டியின் ஓரத்தில் வைத்த ஒலிபெருக்கிப் பெட்டி ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று தமிழில் சத்தமாகச் சொன்ன நாளில்தான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. எழுத்துத் தெரியாதவரும் ஏமாறாமல் விற்க முடிந்தது. ‘படிக்காதவர், பயப்படுகிறார்’ என்று ஒதுக்கப்பட்ட அதே அம்மாதான் இன்று சில்லறையில்லாமல் நிற்பவரிடம் ‘ஸ்கேன் பண்ணுங்க’ என்கிறார். அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்குத் தீர்வு வந்ததும் பயம் போய்விட்டது.

இது ஏழைகளுக்கு மட்டும் உரிய விதியும் இல்லை. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் தன் கணவர் கார்ல் பென்ஸ் செய்த மோட்டார் வண்டியை ஓட்டிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குப் போனார். வழியில் எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக்கடையில்தான் வாங்க முடிந்தது. பெட்ரோல் நிலையம் என்று ஒன்று அப்போது உலகிலேயே இல்லை. அந்தக் காலத்தில் குதிரை வண்டியை விடாதவர்களை எந்த வரலாற்றாசிரியரும் மூடர்கள் என்று எழுதவில்லை. இன்று சென்னையில் அடுக்குமாடி ஒன்றில் இருப்பவர் மின்சாரக் கார் வாங்கத் தயங்குகிறார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் சார்ஜ் ஏற்ற இணைப்பு கிடையாது, குடியிருப்போர் சங்கம் அனுமதி தரவில்லை, வெளியூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நிற்க வேண்டுமே என்கிறார். நாம் தலையாட்டுகிறோம். நிதானமானவர், யோசித்துச் செய்கிறார் என்கிறோம். சார்ஜர் இல்லாததால் கார் வாங்காத இவருக்கும், சிலிண்டர் நிரப்பக் காசில்லாததால் விறகு எரிக்கும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம்? இருவரும் துணைப்பொருளைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஒருவருடைய தயக்கத்துக்கு விவேகம் என்று பெயர். மற்றவருடைய தயக்கத்துக்கு அறியாமை என்று பெயர். இந்த வேறுபாடு நம் வர்க்கப் பார்வையிலிருந்து வருகிறது.

விழிப்புணர்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சிலிண்டர் வெடித்துவிடும் என்ற அச்சம் பல வீடுகளில் உண்மையாகவே இருக்கிறது. கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது, டியூபை எப்போது மாற்றுவது என்று சொல்லித்தரத்தான் வேண்டும். ஆனால் துண்டறிக்கை படித்துவிட்டு அந்த அச்சம் போவதில்லை. கூப்பிட்டால் வந்து பார்க்கும் மெக்கானிக் பக்கத்து ஊரில் இருந்தால் போகும்.

இதை இப்போது வலியுறுத்தக் காரணம் உண்டு. அடுத்த அலை வந்துகொண்டிருக்கிறது. இண்டக்ஷன் அடுப்பு, மாடிச் சூரியத் தகடு, மின்சார ஸ்கூட்டர் எல்லாவற்றையும் பற்றி அதே உற்சாகத்தோடு பேசுகிறார்கள். இண்டக்ஷன் அடுப்பில் அலுமினியக் குண்டானும் மண்சட்டியும் பித்தளைப் பாத்திரமும் சூடாகா. காந்தம் ஒட்டும் தட்டையான அடி வேண்டும். 2,000 வாட் இழுக்கும் அடுப்புக்குத் தடித்த கம்பியும் பெரிய பிளக்கும் வேண்டும். சாயங்காலம் விளக்கே மங்கி எரியும் தெருக்கடைசி வீட்டில் அது எப்படி ஓடும்? இவற்றையெல்லாம் யோசிக்காமல் அடுப்பை மட்டும் கொடுத்துவிட்டு, ஐந்து ஆண்டு கழித்து ‘இவர்கள் மாறமாட்டார்கள்’ என்று மறுபடியும் ஓர் அறிக்கை எழுதுவோமா?

செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. சிலிண்டர் மானியத்தைப் பிறகு திருப்பித் தராமல் வாங்கும்போதே விலையில் கழித்துக்கொள்ளுங்கள். 5 கிலோ சிலிண்டரை ரேஷன் கடையிலும் பெட்டிக்கடையிலும் மாற்றிக்கொள்ள வழி செய்யுங்கள். மலைக்கிராமத்துக்குப் போகும் சிலிண்டர் சாலையோரத்தில் இறக்கப்படாமல் வீட்டு வாசல்வரை போகட்டும். எந்த அடுப்பைக் கொடுத்தாலும் அதில் பொருந்தும் குக்கரையும் பாத்திரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுக்கும் முன் அந்த ஊரில் என்ன சமைக்கிறார்கள் என்று கேளுங்கள். உள்ளூர்ப் பெண்களுக்கே பழுதுபார்க்கப் பயிற்சி கொடுத்து, அதற்குச் சம்பளமும் கொடுங்கள். எத்தனை அடுப்பு கொடுத்தோம் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டு, எத்தனை நாள் எரிந்தது என்று எண்ணுங்கள்.

மக்கள் புதியதை வெறுக்கிறார்கள் என்ற கருத்துக்கு உஜ்வலாவும் சான்றாகாது, யுபிஐயும் சான்றாகாது. அவர்கள் வெறுப்பது பாதியில் கைவிடப்படுவதைத்தான். கருவியோடு அதற்கு வேண்டியவற்றையும் முழுமையாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அதன்பிறகும் அவர்கள் மறுத்தால் மனநிலையைப் பற்றிப் பேசுவோம். அதுவரை குறை நம்முடையது.